கொள்ளையும் பங்கும்

அடையாற்றங்கரைக் கதை – 17

சென்ற வாரம், 1746 அக்டோபரில் அடையாற்று முகத்துவாரத்தில் ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கானின் பெரும்படை ஒரு சிறிய பிரெஞ்சுப் படையிடம் தோற்று ஓடியதோடு நிறுத்தினோம். போரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நிறுத்துவார்கள். பீரங்கி ஓய்ந்த பிறகு நடப்பதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். யார் வீட்டுப் பெட்டி உடைந்தது, எது யார் கைக்குப் போனது, அதை எப்படிப் பங்கு வைத்தார்கள் என்பதெல்லாம் வெற்றிப் பாட்டில் வராது. இந்த வாரம் அந்தக் கணக்கைத்தான் பிரித்துப் பார்க்கப்போகிறோம். வழியில் பைபிளின் பழைய ஏற்பாட்டுக்குள்ளும் போய்வர வேண்டியிருக்கும். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

கிண்டியிலிருந்து சைதாப்பேட்டைக்கு அடையாற்றைத் தாண்டும் மறைமலையடிகள் பாலம் இருக்கிறதே, அந்த இடத்தில் 1726இல் முதன்முதலாகப் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர். மர்மலாங் பாலம் என்று பேர். செலவு முழுக்க அவருடையது. பரங்கிமலை உச்சிக்கு ஏறும் படிக்கட்டும் அவர் உபயம்தான். பாலத்துக்கென்று பாரசீகம், அர்மீனியம், லத்தீன் மூன்றிலும் பொறித்து வைத்த கல்லைச் சைதாப்பேட்டைக்காரர்களே பலர் பார்த்திருக்கமாட்டார்கள். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் உஸ்கானின் சொத்துக்கள் பறிமுதலாயின. எங்கள் ஆட்சிக்குக் கீழே வந்துவிடு, எல்லாவற்றையும் திருப்பித் தருகிறோம் என்று பேசிப்பார்த்தார்கள். அவர் மசியவில்லை. 1751இல் காலமானபோது, வேப்பேரியில் தாம் கட்டியிருந்த மாதா கோயில் வளாகத்தில் அடக்கமானார்.

அடுத்த ஆண்டே அந்த மாதா கோயில் கைமாறியது. பிரெஞ்சுக்காரரிடமிருந்து சென்னையை 1749இல் திரும்பப் பெற்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி, கத்தோலிக்கப் பாதிரியார்கள் எதிரிக்குக் கையாளாக இருந்தார்கள் என்று சந்தேகப்பட்டது. அவர்கள் கோயில்களையும் வீடுகளையும் எடுத்துக்கொண்டது. வேப்பேரிக் கோயில் 1752இல் புராட்டஸ்டண்ட் மிஷனுக்குப் போய்ச் சேர்ந்தது. பிரெஞ்சுக்காரன் பறித்ததைச் சகித்து ஆங்கிலேயரிடம் விசுவாசமாக இருந்த உஸ்கானின் கோயிலை, அவர் கண்மூடியதும் ஆங்கிலேயரே எடுத்து வேறொருவரிடம் கொடுத்தார்கள். இன்று புனித மத்தியாஸ் தேவாலயம் நிற்கும் வளாகம் அது. உஸ்கானின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

கோயிலைப் பெற்றுக்கொண்டவர் யோஹான் பிலிப் ஃபப்ரீசியஸ். 1711இல் ஜெர்மனியில் பிறந்து, 1740இல் தரங்கம்பாடியில் இறங்கி, 1742இல் சென்னைக்கு வந்த பாதிரியார். 1791இல் சாகும்வரை ஊருக்குத் திரும்பவில்லை. பணக்கணக்கில் சமர்த்தர் இல்லை. தமிழ்க்கணக்கில் கெட்டிக்காரர். 1746இல் ஊர் விழுந்தபோது பழவேற்காட்டு டச்சுக்காரர்களிடம் அடைக்கலம் தேடி ஓடினார். வேப்பேரியில் காலூன்றி ஆறு வருஷத்தில் மறுபடியும் ஓடவேண்டி வந்தது.

1758 டிசம்பரில் லாலி தன் பிரெஞ்சுப் படையோடு சென்னையை நோக்கி வந்தான். பரங்கிமலைப் பக்கம் பாளையம் இறங்கியிருந்த ஆங்கிலத் தளபதி லாரன்ஸ் பின்வாங்கி, சத்திரத்து வெளி வழியாகக் கோட்டைக்குள் போய்விட்டார். கிண்டியும் சைதாப்பேட்டையும் வேப்பேரியும் காப்பாரற்றுக் கிடந்தன. கறுப்பர் பட்டணத்துக்குள் புகுந்த பிரெஞ்சுச் சிப்பாய்கள் சாராயக் கிடங்குகளை உடைத்துக் குடித்துவிட்டு, தெருத்தெருவாய்க் கிடைத்ததை வாரினார்கள். குடிவெறியில் இருந்தவர்கள்மேல் ஆங்கிலக் கர்னல் டிரேப்பர் கோட்டையிலிருந்து ஒரு படையோடு பாய்ந்ததும் அன்றைக்குத்தான். வேப்பேரி மிஷனும் சூறையாடப்பட்டது. ஃபப்ரீசியஸ் மீண்டும் பழவேற்காட்டுக்குப் போனார்.

1759 பிப்ரவரி 9ஆம் தேதி பரங்கிமலை அடிவாரத் தோட்ட வீடுகளை அரணாக வைத்துக்கொண்டு மேஜர் கைலாடும் யூசுப்கானும் பிரெஞ்சுக்காரரோடு நாளெல்லாம் பொருதினார்கள். மருதநாயகம் என்று நாம் சொல்லும் அதே யூசுப்கான்தான். ஒரு வாரத்தில் ஆங்கிலக் கப்பல்கள் கண்ணில் பட, லாலி முற்றுகையை விட்டுவிட்டுப் போனான்.

இனி முறை மாறியது. 1761 ஜனவரியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் புதுச்சேரி சரணடைந்தது. ஊர் யாருக்கு என்பதில் வென்றவர்களுக்குள்ளேயே சண்டை. கூட் மன்னரின் படை அதிகாரி. சென்னை கவர்னர் பிகட், புதுச்சேரி கும்பினிச் சொத்து, ஒப்படை என்றார். கூட்டின் தரப்பு முடியாது என்றது. அப்படியானால் படைச் சம்பளத்துக்குப் பணம் அனுப்பமாட்டேன் என்று பிகட் மடியை இறுக்கிக்கொண்டதும் கூட் இறங்கிவந்தார். கோட்டை மதில்களும் பெரிய கட்டடங்களும் பிறகு இடித்துத் தள்ளப்பட்டன.

அந்தக் கொள்ளையில் ஓர் அச்சுப்பொறியும் இருந்தது. பிரெஞ்சு கவர்னர் மாளிகையில் இருந்த பொறி, எழுத்துகள், அதை ஓட்டத் தெரிந்த தெலோன் என்ற அச்சுக்காரர், எல்லாம் சேர்ந்து சென்னைக்கு வந்தன. கும்பினிக்கு அச்சடிக்கத் தெரியாது. தமிழ் தெரிந்த ஃபப்ரீசியஸ் கேட்டு வாங்கிக்கொண்டார். கோட்டையின் வேலைக்கு முதலிடம் என்பது நிபந்தனை. 1762இலேயே அந்தப் பொறியில் ஒரு பஞ்சாங்கமும் சில தமிழ்ப் புத்தகங்களும் அச்சாகிவிட்டன.

ஆக, இரண்டு முறை கொள்ளைக்கு அஞ்சி ஓடிய மனிதர், பறிமுதலான கோயிலில் ஜெபம் செய்து, கொள்ளையில் வந்த பொறியில் அச்சடித்துக்கொண்டு, மேசையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால், பழைய ஏற்பாட்டைத் தமிழில் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். அதாவது யூதர்களின் எபிரேய வேதத்தை. போரும் கொள்ளையும் பங்கும் பக்கம் பக்கமாக வரும் நூல்.

தமிழுக்கு இந்தப் பகுதிகள் வந்துசேர்ந்த விதமும் விசித்திரம்தான். தரங்கம்பாடியில் பழைய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கிய சீகன்பால்கு, ரூத்து ஆகமம் வரை முடித்துவிட்டு 1719இல் இறந்துபோனார். பின்னால் வரும் சங்கீதங்களும் தீர்க்கதரிசனங்களும் சுல்ட்சே கையால் 1728இல்தான் நிறைவடைந்தன. நீதியையும் இரக்கத்தையும் பேசும் தீர்க்கதரிசிகளுக்கு முன்னாலேயே எண்ணாகமமும் யோசுவாவும் நியாயாதிபதிகளும் தமிழுக்கு வந்துவிட்டன. படைகள் முன்னே, புலம்பல் பின்னே.

எண்ணாகமம் 31ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மீதியானியரோடு போர். ஆண்கள் எல்லோரும் கொல்லப்படுகிறார்கள். பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துவந்ததைப் பார்த்து மோசே கோபப்படுகிறார். ஆண் பிள்ளைகளையும் மணமான பெண்களையும் கொல்லச் சொல்கிறார். கன்னிப்பெண்களை மட்டும் உயிரோடு வைத்துக்கொள்ளலாம் என்கிறார். அதற்குப் பிறகு வருவது கணக்குப்பிள்ளையின் ஏடு. ஆடு 6,75,000. மாடு 72,000. கழுதை 61,000. பெண்கள் 32,000. எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதி போருக்குப் போனவர்களுக்கு, மறுபாதி ஊரிலிருந்த மக்களுக்கு. போர்வீரர் பாதியில் ஐந்நூறுக்கு ஒன்று ஆண்டவர் பங்கு. அது ஆசாரியன் எலெயாசார் கைக்கு. மக்கள் பாதியில் ஐம்பதுக்கு ஒன்று லேவியருக்கு. ஆட்டில் ஆண்டவர் பங்கு 675, மாட்டில் 72, கழுதையில் 61. பெண்களில் 32.

கணக்கில் ஒரு பிசகும் இல்லை. கழுதைக்கும் பெண்ணுக்கும் ஒரே வாய்பாடு. இந்த அதிகாரத்தை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வாசகர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தவிப்பதற்கு அந்தக் கடைசி எண் ஒன்றே போதும்.

தவித்தவர்கள் பல வழி தேடினார்கள். இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன், இந்தக் கடவுள் வேறு, இயேசு சொன்ன பிதா வேறு என்று பழைய ஏற்பாட்டையே தூக்கிப் போட்டுவிட்டான். சபை அவனைத் தூக்கிப் போட்டது. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன், யோசுவா அழித்த ஊர்களெல்லாம் நம் மனத்திலுள்ள பாவங்களே என்று உருவகமாக விளக்கினார். நல்ல உபாயம்தான். அந்த முப்பத்திரண்டு பெண்களை உருவகம் ஆக்கிவிட்டால் வாசகனுக்கு நிம்மதி வந்துவிடும். அவர்களுக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை. யூத ரபிகள் சட்டக்காரர்கள், அவர்கள் வேறு மாதிரிப் போனார்கள். அசீரியாவின் சனகெரிப் நாடுகளையெல்லாம் கலைத்துக் குடிமாற்றிவிட்டான், இன்று எவர் எந்த இனம் என்று சொல்ல முடியாது, ஆகவே அழிக்கச் சொன்ன பழைய கட்டளையை இனி எவர்மேலும் நிறைவேற்ற இயலாது என்று கதவைச் சாத்தினார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடீஸ், எந்தப் பகைவனாயினும் முதலில் சமாதானம் கேட்டாக வேண்டும் என்று சட்டமாகவே எழுதினார். மறுபுறம், 1689இல் அமெரிக்காவின் பாஸ்டனில் காட்டன் மேதர் என்ற போதகர் அங்குள்ள பூர்வகுடிகளை, வேதம் அழிக்கச் சொன்ன அமலேக்கியர் என்று பிரசங்கம் செய்து சிப்பாய்களை அனுப்பிவைத்தார். ஒரே ஏடு, அதைக் கொண்டு கதவைச் சாத்தவும் முடிந்தது, கத்தியைத் தீட்டவும் முடிந்தது.

வரலாற்று மாணவனுக்கு இன்னொரு வழி இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு அது இன்னும் எளிது. மெய்க்கீர்த்தியைப் படிக்கிற மாதிரிப் படிக்க வேண்டும்.

1216இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் கொளுத்தி, மாடமும் மண்டபமும் இடித்து, கழுதை ஏர் பூட்டி உழுது கவடி விதைத்ததாக அவன் மெய்க்கீர்த்தி பெருமை பேசுகிறது. படித்தால் சோழநாட்டில் புல் பூண்டு மிஞ்சியிருக்காது என்று தோன்றும். ஆனால் அதே மெய்க்கீர்த்தியில் சோழன் வந்து பணிகிறான், முடியையும் நாட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறான். சோழர்கள் அதற்குப் பிறகும் இரண்டு தலைமுறை ஆண்டார்கள். கரிகாலன் பட்டினப்பாலைப் புலவருக்குக் கொடுத்த பதினாறு கால் மண்டபத்தை மட்டும் பாண்டியன் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டு சொல்கிறது. அழித்தது உண்மையாக இருக்கலாம். ஒன்றுவிடாமல் அழித்தேன் என்பது மெய்க்கீர்த்தியின் மொழி.

எபிரேய வேதமும் அப்படித்தான் பேசுகிறது. எண்ணாகமத்தில் ஆண் ஒருவர்கூட மிஞ்சாமல் ஒழிந்த மீதியானியர், நியாயாதிபதிகள் ஆறாம் அதிகாரத்தில் ஒட்டகங்களோடு வெட்டுக்கிளிபோல் வந்து இஸ்ரவேலின் விளைச்சலை வாருகிறார்கள். முதலாம் சாமுவேல் 15இல் சவுல் அமலேக்கியரைப் பட்டயத்துக்கு இரையாக்குகிறான். 30ஆம் அதிகாரத்தில் அதே அமலேக்கியர் தாவீதின் சிக்லாக் ஊரைக் கொளுத்திவிட்டுப் பெண்டு பிள்ளைகளைப் பிடித்துப் போகிறார்கள். யோசுவா நாடு முழுவதையும் பிடித்தான் என்று ஒரு புத்தகம் முடிய, இன்னின்ன ஊரைப் பிடிக்க முடியவில்லை, கானானியர் அங்கேயே குடியிருந்தார்கள் என்று அடுத்த புத்தகம் தொடங்குகிறது. சீகேமை இடித்து உப்பு விதைத்த அபிமெலேக்கும், கவடி விதைத்த சுந்தரபாண்டியனும் ஒரே சடங்கைச் செய்தவர்கள்.

மண்ணைத் தோண்டியவர்களும் இதையே பார்த்தார்கள். 1952 முதல் 1958 வரை எரிகோவை அகழ்ந்த கேத்லீன் கென்யன், யோசுவாவின் காலம் என்று சொல்லப்படும் அடுக்கில், வேதம் சொல்வதுபோல் விழுவதற்கு மதிலே இல்லை என்று கண்டார். யோசுவா அடுத்துப் பிடித்த ஆயி என்று பலரும் கருதும் எத்-தெல் மேடு அதற்கு முன்பே ஆயிரம் ஆண்டாக ஆளில்லாமல் கிடந்த இடம். அவன் எரித்ததாக வேதம் சொல்லும் ஆத்சோர் மட்டும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் நிஜமாகவே எரிந்திருக்கிறது. எரித்தவர் யார் என்பதில் இன்னும் சண்டை. யோசுவா, நியாயாதிபதிகள், சாமுவேல் ஆகிய புத்தகங்கள் பெரும்பாலும் இன்றைய வடிவுக்கு வந்தது கி.மு. 7, 6ஆம் நூற்றாண்டுகளில் என்பது ஆய்வாளர்களில் பெரும்பாலோர் முடிவு. அப்போது எழுதியவர்கள் வென்றவர்கள் அல்லர். அசீரியன் கொள்ளையிட்டுப் போனதைப் பார்த்தவர்கள், பாபிலோனியன் எருசலேம் கோயில் பாத்திரங்களை மூட்டை கட்டியதைப் பார்த்தவர்கள்.

ஊரையே கடவுளுக்கென்று ஒப்புக்கொடுத்து அழிப்பதைத் தமிழ் பைபிள் சாபத்தீடு என்கிறது. இது இஸ்ரவேலுக்கு மட்டும் உரியதல்ல. 1868இல் யோர்தானுக்குக் கிழக்கே தீபோனில் கிடைத்த மோவாப் அரசன் மேசாவின் கல், இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 9ஆம் நூற்றாண்டு. நேபோ ஊரில் ஏழாயிரம் பேரைத் தன் தெய்வத்துக்கு அப்படி ஒப்புக்கொடுத்துக் கொன்றதாகவும், யெகோவாவின் பாத்திரங்களை இழுத்துவந்து கேமோஷ் தெய்வத்தின் முன் போட்டதாகவும் அவன் சொல்கிறான். கொன்றவன் மோவாபியன், செத்தவர்கள் இஸ்ரவேலர். தெய்வத்தின் பேர்தான் வேறு.

சாபத்தீடான ஊரில் கொள்ளையடிக்கக் கூடாது என்பது விதி. எரிகோவில் ஒரு பாபிலோனியச் சால்வை, இருநூறு சேக்கல் வெள்ளி, ஐம்பது சேக்கல் எடையில் ஒரு பொன்பாளம் ஆகியவற்றை எடுத்துக் கூடாரத்துக்குள் புதைத்த ஆகானைக் கல்லெறிந்து கொன்றார்கள். அடுத்த ஊரான ஆயியிலோ, மாட்டையும் பொருளையும் எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு. ஓர் ஊர் பொறுத்திருந்தால் ஆகான் பிழைத்திருப்பான்.

பங்குப் பிரச்சினை நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் வெட்சித் திணையில் நிரை கவர்வதோடு நிற்பதில்லை. கவர்ந்த மாட்டைத் தமக்குள் பகுத்துக்கொள்வதற்குப் பாதீடு என்று தனித் துறை, கேட்டவர்க்குக் கொடுப்பதற்குக் கொடை என்று இன்னொரு துறை வைத்திருக்கிறது. சிக்லாக்கிலிருந்து அமலேக்கியரைத் துரத்திப் போன தாவீதின் அறுநூறு பேரில் இருநூறு பேர் களைத்துப்போய்ப் பேசோர் ஆற்றங்கரையில் மூட்டைகளோடு தங்கிவிட்டார்கள். மீட்டுவந்ததில் அவர்களுக்குப் பங்கு கிடையாது, பெண்டாட்டி பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார்கள் திரும்பிவந்தவர்களில் சிலர். தாவீது ஒப்பவில்லை. போருக்குப் போனவனுக்கும் மூட்டையைக் காத்தவனுக்கும் பங்கு சமம் என்று கட்டளையிட்டான். கூட்டும் பிகட்டும் புதுச்சேரிக்காக முறைத்துக்கொண்ட 1761ஐ நினைத்துக்கொண்டு இதைப் படித்தால், பேசோர் ஆறு ரொம்பத் தூரத்தில் இல்லை.

கொள்ளையைத் தொடாதவர்களும் அதே வேதத்துக்குள் இருக்கிறார்கள். சோதோம் ராஜாவிடமிருந்து ஒரு நூலையோ செருப்பு வாரையோகூட வாங்கமாட்டேன் என்று ஆபிரகாம் மறுக்கிறார். எஸ்தர் புத்தகத்தில் யூதர்கள் பகைவரைக் கொல்கிறார்கள், ஆனால் கொள்ளையில் கைவைக்கவில்லை என்று மூன்று இடத்தில் அழுத்திச் சொல்லப்படுகிறது. அமலேக்கியரின் ஆடுகளை அழிக்காமல் வைத்துக்கொண்ட சவுல் விட்ட பிழையை அவர்கள் தீர்த்துவைப்பதுபோல் இருக்கிறது.

எனக்குப் பிடித்த இடம் இரண்டாம் நாளாகமம் 28. வடக்கே இருந்த இஸ்ரவேலர் தெற்கே யூதாவைத் தோற்கடித்து, இரண்டு லட்சம் பெண்டு பிள்ளைகளையும் ஏராளமான பொருளையும் பிடித்துக்கொண்டு சமாரியாவுக்கு வருகிறார்கள். ஓதேத் என்ற தீர்க்கதரிசி ஊர் எல்லையிலேயே படையை மறிக்கிறார். உங்கள் சொந்தச் சகோதரர்களையா அடிமையாக்கப் பார்க்கிறீர்கள், உங்களிடம் குற்றமே இல்லையா என்று கேட்கிறார். ஊர்ப் பெரியவர்கள் நால்வர் அவர் பக்கம் சேர்கிறார்கள். சிப்பாய்கள் கொள்ளையை அங்கேயே போட்டுவிட்டு விலகுகிறார்கள். பிறகு அந்தக் கொள்ளைத் துணிமணியை எடுத்தே, உடுப்பில்லாதவர்களுக்கு உடுத்தி, செருப்புப் போட்டுவிட்டு, சாப்பாடு கொடுத்து, எண்ணெய் தடவி, நடக்க முடியாதவர்களைக் கழுதைமேல் ஏற்றி, எரிகோ வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார்கள். எரிகோ! இதை எழுதியவருக்கு யோசுவாவின் கதை தெரியாமல் இருந்திருக்க முடியாது. எண்ணாகமத்தின் கழுதைக் கணக்கும் தெரிந்திருக்கும்.

இந்த நூலுக்குள் ஒரே குரல் இல்லை. கொள்ளையை எண்ணிக் கணக்கெழுதியவரும் இருக்கிறார், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னவரும் இருக்கிறார். முன்னவரை மறைத்துவிட்டுப் பின்னவரை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிப்பது நேர்மையல்ல. முன்னவர் எழுதியதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு கத்தி எடுப்பது அதைவிட மோசம். இரண்டாம் நாளாகமத்தின் ஆசிரியரே அப்படி எடுத்துக்கொள்ளவில்லையே.

வேப்பேரி மேசையில் ஃபப்ரீசியஸ் இரண்டு பகுதிகளையும் ஒரே நிதானத்தோடு தமிழாக்கினார். எதையும் விட்டுவிடவில்லை. கொள்ளை கொடுத்தவர், கொள்ளையில் பங்கு பெற்றவர் என்ற இரண்டு நிலையிலும் நின்ற மொழிபெயர்ப்பாளர் இந்தப் பகுதிகளுக்கு வாய்த்தது அபூர்வம். உஸ்கானின் கல்லறையைத் தாண்டித்தான் அவர் தினமும் ஜெபத்துக்குப் போயிருப்பார்.

1766இல் வேப்பேரி மிஷனுக்குச் சொந்தமாகவே ஓர் அச்சகம் அமைந்தது. புதுச்சேரிப் பொறி கோட்டைக்குத் திரும்பி, அரசாங்க அறிவிப்புகளை அச்சடிக்கத் தொடங்கியது. அதைப் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பித் தர வேண்டும் என்று சென்னையில் எந்த ஓதேத்தும் எல்லையில் நின்று மறிக்கவில்லை. ஃபப்ரீசியஸின் புதிய ஏற்பாடு 1772இலும், தமிழ்–ஆங்கில அகராதி 1779இலும் வெளிவந்தன. இடையில் அவர் இன்னொரு முறை குதிரைக் குளம்போசை கேட்க வேண்டியிருந்தது. 1767இல் ஹைதர் அலியின் மகன், இருபது வயதுகூட நிரம்பாத திப்பு, ஒரு குதிரைப்படையோடு திடீரென்று பரங்கிமலைப் பக்கம் தோன்றி, வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகளைச் சூறையாடினான். கோட்டைத் துரைமார்களே மயிரிழையில் தப்பினார்கள். கிண்டியில் அன்று நடந்ததை அடுத்த வாரம் பார்ப்போம்.